பொங்காத மாவு

மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே பல்லவிதான். ஊர்ப் பெயர்தான் மாறும். டில்லி என்பார் ஒருவர், உதகமண்டலம் என்பார் இன்னொருவர். லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும்கூட எழுதுகிறார்கள். விஷயம் என்னவோ ஒன்றுதான்: "இட்லி மாவு பொங்கவில்லை. என்ன செய்யலாம்?"

இந்தத் தடவை வந்தவற்றில் டில்லிக் கடிதம் ஒன்று மனத்தில் தைத்துவிட்டது. எழுதியிருப்பவர் கல்யாணமாகி அங்கே முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் பெண். பிறந்தகம், புகுந்தகம் இரண்டும் திருச்சிப் பக்கம். மூன்று தடவை மாவு அரைத்தாராம். மூன்று தடவையும் காலையில் திறந்து பார்த்தால், ராத்திரி எப்படி மூடி வைத்தாரோ அப்படியே, கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரி அசையாமல் கிடந்ததாம். மூன்று தடவையும் தொட்டியில் கொட்டிவிட்டார். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. "சிலருக்குக் கைராசி அப்படியம்மா" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு மாவு கரைக்கும் நேரத்தில் மருமகளைக் கூப்பிடுவதில்லை. இதற்கு அவர் கோபித்துக்கொண்டிருந்தாலே தேவலை என்று எழுதுகிறார் அந்தப் பெண். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மாமியார் கரைத்த மாவாவது பொங்கியதா என்று கடிதத்தில் இல்லை. பொங்கியிராது என்பது என் ஊகம்.

ஆகவே முதலில் இந்தக் கைராசி சமாசாரத்தைத் தீர்த்துவிடுவோம். மாவைப் பொங்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை கரைக்கிறவர் கையிலிருந்து வர வேண்டுமென்பதில்லை. நாம் கடையில் வாங்கி வந்த உளுந்தோடு கூடவே வந்துவிடுகின்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், நம் இட்லி மாவைக் கரைத்து வைத்து, மணிக்கு மணி சோதித்துப் பார்த்து, 1965-ஆம் வருஷம் முடிவை வெளியிட்டார்கள். 'லூக்கனாஸ்டாக்' என்ற பாக்டீரியாதான் மாவில் காற்றுக் குமிழிகளை உண்டாக்கி, புளிப்பையும் உண்டாக்குகிறது என்று கண்டார்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இதற்கு வேண்டியதில்லை. அந்தக் குமிழிகளை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் வேலையை உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பும் செய்கின்றன. பாத்திரத்தில் மாவு உயர்வது இதனால்தான். கரைத்த கை யாருடையது என்பது அந்தப் பாக்டீரியாவுக்குத் தெரியவும் தெரியாது.

ஆனால் ஒன்று அதற்கு நன்றாகத் தெரியும். குளிர்!

சுமார் 30 டிகிரி உஷ்ணத்தில் (சென்டிகிரேடைச் சொல்கிறேன்) மாவு எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பொங்கிவிடும். 20 டிகிரி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். பத்து டிகிரிப் பக்கம் போய்விட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. நுண்ணுயிர் செத்துப்போவதில்லை, சுருண்டு படுத்துவிடுகிறது. இப்போது ஊர்களைப் பாருங்கள். சென்னையிலும் திருச்சியிலும் தை மாதத்து விடியற்காலையில்கூட 20 டிகிரிக்கு அதிகம் கீழே போவதில்லை. பெங்களூரில் 15, 16. டில்லியில் ஜனவரி மாத இரவு 7, 8 டிகிரிக்கு இறங்குவது சகஜம். உதகையில் அதற்கும் கீழே. சில நாள் புல்லின் மேல் உறைபனியே படிகிறது. திருச்சி மாமியாருக்கு நாற்பது வருஷமாக மாவு பொங்கியது என்றால் அதில் பாதிப் பெருமை திருச்சி வெயிலைச் சேரும்.

கையால் கரைப்பதில் பிரயோசனமே இல்லையா என்று கேட்காதீர்கள். உண்டு. உளுந்து மாவும் அரிசி மாவும் ஒன்றாகக் கலக்கக் கையைப் போல் வேறு கருவி கிடையாது. அதைவிட முக்கியம், மாவு எவ்வளவு ஜில்லென்றிருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும், கரண்டிக்குத் தெரியாது. கையை மாவில் விடும்போது "அப்பாடி, என்ன குளிர்!" என்று சொல்லத் தோன்றினால், அந்த மாவு காலையில் பொங்காது என்பதை அப்போதே எழுதி வைத்துவிடலாம்.

டில்லிப் பெண் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. மூன்றாவது தடவை பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைத்திருக்கிறார். "இரண்டு சுற்று சுற்றியும் பயனில்லை" என்று வருத்தப்படுகிறார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரஜாய்க்கும் கம்பளிக்கும் சொந்தமாகச் சூடு கிடையாது. நாம் போர்த்திக்கொண்டால் கதகதப்பாக இருக்கிறதே என்றால், அது நம் உடம்பின் சூடு. கம்பளி அதை வெளியே போகவிடாமல் காவல் காக்கிறது, அவ்வளவுதான். ஐஸ் விற்கிறவர் பாளத்தை எதில் வைத்துக்கொண்டு வருவார்? மரத்தூளைப் போட்டுக் கோணியில் சுற்றித்தானே? ஐஸ் உருகாமல் இருக்க என்ன செய்கிறாரோ அதையேதான் நாம் குளிர்ந்த மாவுக்குச் செய்கிறோம். ஜில்லென்ற மாவைக் கம்பளியில் சுற்றினால் விடிய விடிய ஜில்லென்றே இருக்கும்.

முதலில் மாவுக்குள் சூட்டை ஏற்ற வேண்டும். பிறகுதான் போர்வை.

சூட்டை ஏற்றுவது கஷ்டமான காரியமில்லை. அரிசியையும் உளுந்தையும் ஊற வைக்கும்போதே குழாய்த் தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். அரைக்கப் போகுமுன் தொட்டுப் பாருங்கள். ஆறிப் போயிருந்தால் அரிசித் தண்ணீரை வடித்துவிட்டு, இன்னொரு தடவை வெந்நீர் விட்டுக் கால் மணி வையுங்கள். உளுந்து ஊறிய தண்ணீரை மட்டும் கொட்டாதீர்கள். அதையே சற்றுச் சுட வைத்து அரைக்க உபயோகிக்கலாம். சுட வைப்பது என்றால் குழந்தையைக் குளிப்பாட்டும் பதம். கையில் பட்டால் இதமாக இருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பொங்க வைக்கும் பாக்டீரியாவை நாமே கொன்ற கதையாகிவிடும்.

மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறிவிடும் என்று சென்னையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறோம் அல்லவா? டில்லி ஜனவரியில் அதே குற்றம் குணமாகிவிடுகிறது. மிக்ஸியின் சூடு மாவில் ஏறட்டும், பாதகமில்லை. தொட்டால் கை பொறுக்காத அளவுக்கு மட்டும் போக வேண்டாம். கிரைண்டரில் அரைப்பவர்கள் குழவியையும் தொட்டியையும் முதலில் வெந்நீரால் ஒரு தரம் கழுவிக்கொள்வது நல்லது. ராத்திரி முழுதும் குளிரில் கிடந்த கல், மாவின் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். மாவை ஊற்றி வைக்கும் எவர்சில்வர் பாத்திரமும் அப்படித்தான். வெந்நீர் ஊற்றி அலம்பித் துடைத்துவிட்டு மாவை ஊற்றுங்கள். பாதிப் பாத்திரத்துக்கு மேல் வேண்டாம். இத்தனை பாடுபட்ட பிறகு பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடினால் அது வேறு அழுகை.

குளிர் நாட்களில் உளுந்தைச் சற்றுத் தாராளமாகப் போடலாம். நாலுக்கு ஒன்று போடுகிறவர்கள் மூன்றுக்கு ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்த்தால் அதன் வழவழப்பும் உதவிக்கு வரும். உப்பு நுண்ணுயிரின் வேகத்தைத் தணிக்கக் கூடியது. சென்னைக் கோடையில் அது நல்லது. குளிர் ஊர்களில் மாவு பொங்கிய பிறகு உப்புப் போடுவது பலருடைய வழக்கம். எல்லாவற்றையும்விடக் கைகண்ட உபாயம், நன்றாகப் பொங்கிய பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலந்துவிடுவது. பாலுக்கு உறை குத்துவது போலத்தான். சோடா உப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். சோடா போட்டால் இட்லி உப்பும், ஆனால் புளிக்காது. வாயில் வைத்தால் தெரிந்துவிடும். ஈஸ்ட் போட்ட மாவிலோ ரொட்டிக் கடை வாசனை வந்துவிடுகிறது. அவசரத்துக்கு யாராவது போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். என் வீட்டில் போடமாட்டேன்.

இனி ஏற்றிய சூட்டைக் காப்பாற்றும் வழி. அந்த நாளில் இதற்கு யாரும் யோசித்ததே இல்லை. விறகடுப்புக்குப் பக்கத்திலே கொடியடுப்பு இருந்தது. ராத்திரிச் சமையல் முடிந்த பிறகு அதன் மேடை வெகுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். மாவுப் பானையை அருகே நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். இப்போது காஸ் அடுப்பை அணைத்தால் ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடுகிறது. அதனால் நாமாக ஒரு கொடியடுப்பைச் சிருஷ்டி செய்துகொள்ள வேண்டியதுதான்.

செலவில்லாத வழி இது. மாவுப் பாத்திரத்தைவிடப் பெரிய அண்டாவோ வாளியோ எடுத்து, அதில் கை பொறுக்கும் வெந்நீரை ஊற்றி, நடுவே மாவுப் பாத்திரத்தை இறக்குங்கள். வெளியே உள்ள தண்ணீர் உள்ளே மாவு இருக்கும் மட்டத்துக்கு வர வேண்டும். மேலே மூடி, இப்போது சுற்றுங்கள் ரஜாயை! தண்ணீருக்குச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி அதிகம். படுக்கப் போகுமுன் ஒரு தரம் தண்ணீரை மாற்றினால் பெரும்பாலும் காலை வரை தாங்கும். ஐஸ்கிரீமும் மருந்தும் வருகிற தெர்மோகோல் பெட்டி வீட்டில் கிடந்தால் இன்னும் சௌகரியம். பாத்திரத்தோடு கூட, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில் ஒன்றையும் உள்ளே வைத்து மூடிவிடலாம். அரிசி டப்பாவுக்குள் பாத்திரத்தைப் புதைத்து வைப்பதும் நல்ல யுக்திதான். அரிசியும் கம்பளியைப் போலக் காவல்காரன். ஆகையால் மாவு சூடாக இருந்தால்தான் உதவும்.

பாத்திரத்தை ஹீட்டரின் மேலேயோ அடுப்பின் மேலேயோ வைத்துவிடாதீர்கள். அடி மாவு வெந்து கட்டியாகும், நடு மாவு குளிர்ந்தே இருக்கும். 40 டிகிரியைத் தாண்டினாலும் உபத்திரவந்தான். குமிழி விடும் பாக்டீரியா ஒடுங்கி, வெறுமே புளிக்க வைப்பவை கொடி கட்டிப் பறக்கும். இட்லி கல்லாகவும் இருக்கும், புளிக்கவும் செய்யும். புதுமாதிரி மின்சாரக் குக்கர்களில் தயிருக்கென்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது தயிருக்கு ஏற்ற சூடு, மாவுக்குச் சற்று அதிகம். அதிலேயே குறைந்த சூடு என்று இருந்தால் அதை உபயோகியுங்கள்.

வெளிநாட்டுச் சகோதரிகள் பலர் அவனுக்குள் பாத்திரத்தை வைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிடுகிறார்கள். பழைய மாதிரி இழை பல்பாக இருந்தால் அந்தச் சின்ன விளக்கின் சூடே போதும். எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் தரும், மாவுக்கு வேண்டிய சூட்டைத் தராது. ஒரு காரியம் மட்டும் அவசியம் செய்யுங்கள். "உள்ளே மாவு இருக்கிறது" என்று எழுதி அவன் கதவில் ஒட்டிவிடுங்கள். காலையில் எழுந்து தானாகவே ரொட்டி சுட்டுச் சாப்பிடலாம் என்று, அதிசயமாக உதவி செய்யக் கிளம்பும் கணவன்மார்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

லண்டன் கடிதத்தில் ஒரு ருசிகரமான செய்தி. அங்கே பழைய வீடுகளில் சுடுநீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு சின்ன அலமாரி அறை இருக்கும். துவைத்த துணிகளை அதில் வைத்து ஈரம் போக்குவார்கள். நம்மவர்கள் குடியேறின நாளாக மாவுப் பாத்திரத்துக்கும் அதில் இடம் கிடைத்துவிட்டது. கடிதம் எழுதியவரின் அடுத்த வீட்டு ஆங்கிலேயக் கிழவரும் தம் வீட்டு அலமாரியில் ஒரு பெரிய வாளியை மூடி வைத்திருக்கிறாராம். என்னவென்று கேட்டால், பீர்! முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த ஊரில் 1880-லிருந்து வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 1963-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அது முதல் சமையலறையில் பீர் வைப்பது பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. குளிர்காலம் வந்தால் அவர்களுக்கும் இதே கவலைதான்: வாளி பொங்கவில்லையே! அவர்களும் கம்பளியைச் சுற்றுகிறார்கள், வெந்நீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள், மின்சாரப் பட்டை கட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் ஊர் பீருக்கு வேண்டிய ஈஸ்ட் 18, 20 டிகிரியிலேயே திருப்தியாக வேலை செய்யும். நம் மாவு கேட்பது 30. கிழவரைவிட நமக்குப் பத்து டிகிரி அதிகக் கஷ்டம் என்று அடுத்த தடவை பார்க்கும்போது சொல்லுங்கள்.

விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தாலும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. வடக்கே குளிருக்குக் கரி போட்டு அங்கீட்டி மூட்டும் வழக்கம் இன்னும் அடியோடு போய்விடவில்லை. மாவுக்கும் ஆகும், நமக்கும் ஆகும் என்று அதை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பத்திரிகையில் இப்படிச் செய்தி வருகிறது. மின்சார ஹீட்டரின் மேல் கம்பளியோ துணியோ போர்த்துவதும் கூடாது. ஒரு வேளை இட்லி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

டில்லிப் பெண்ணுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று தடவையும் மாவைக் கொட்டியிருக்க வேண்டாம். பொங்காத மாவு வேறு, கெட்ட மாவு வேறு. குளிரில் கிடந்து, நிறமும் வாசனையும் மாறாமல் இருக்கும் மாவு, நேரம் போதவில்லை என்றுதான் சொல்கிறது. பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி, உள்வரை சூடு பரவ ஒரு தரம் மெதுவாகக் கிளறி, மூடி வையுங்கள். காலை இட்லி ராத்திரி இட்லியாகும், அவ்வளவுதான். பாத்திரத்தின் வெளியே மாவின் மட்டத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் ஏறுகிறதா இல்லையா என்று சந்தேகமே வேண்டாம். நூலுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி, ஓரத்தில் குமிழி தெரிந்து, மூடியைத் திறந்ததும் இதமான புளிப்பு வாசனை வந்தால் முடிந்தது காரியம். கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் ஆனதாகக் காட்டுவதை நம்ப வேண்டாம். அது திருச்சிக் கணக்கு. அன்றைக்குக் காலைப் பலகாரத்துக்கு அவசரமென்றால் அந்த மாவிலேயே கொஞ்சம் எடுத்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி நறுக்கிப் போட்டு மெல்லிய தோசையாக வார்த்துவிடலாம். ரோஜா நிறத்திலோ கறுப்பிலோ திட்டு விழுந்தாலும், முகத்தைத் திருப்ப வைக்கும் நாற்றம் அடித்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தயிர் உறைவதில்லை என்று கேட்டவர்களுக்கும் இதுவேதான் பதில். ஆனால் தயிருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும், 40 டிகிரிக்கு அருகே. சென்னையில் ஆறின பாலில் உறை குத்துகிறோம். குளிர் ஊரில் பால் நல்ல வெதுவெதுப்பாக இருக்கும்போதே குத்த வேண்டும். உறைமோரும் அரைக்கரண்டி கூடுதலாக இருக்கட்டும். எவர்சில்வர் கிண்ணத்தைவிடக் கனமான பீங்கான் ஜாடி சீக்கிரம் ஆறாது. அதை மாவுப் பாத்திரத்தோடு ஒரே பெட்டியில் வைத்துவிடலாமா என்றால், வைக்கலாம். வெந்நீர் பாட்டிலை ஜாடியின் பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

மாவு பொங்கியதும் கதகதப்பிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அங்கேயே விட்டால் புளித்துக்கொண்டே போகும். டில்லிக் குளிரில் அடுக்களை மேடையே பாதி பிரிட்ஜ். இட்லித் தட்டில் ஊற்றும்போது அடிவரை கலக்காமல் மேலாக எடுத்து ஊற்றுங்கள். உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி மாவைக் கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி, பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அடுத்த தடவைக்கு அதுதான் உறை. அந்தக் கரண்டி மாவைப் புது மாவில் மருமகளே கரைக்கட்டும்; மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுக்கட்டும்.